பொமிற் காணியும் குளத்து நீரும்

ஏ9 வீதியில் கனகராயன்குளத்தைக் கடந்து போவோர் பலர். அந்த ஊரின் பெயர் கொண்ட கனகராயன் ஆறு வடக்கே ஓடி இரணைமடுவை நிரப்புகிறது. இப்பகுதியில் நீரைக் காத்ததற்கு அரசு காட்டும் கணக்கு, குளக்கட்டு, துருசு, வான் ஆகியவற்றின் திருத்தச் செலவோடு முடிந்துவிடுகிறது. காத்த நீரைப் பங்கிடும்போது யார் பேச முடிந்தது என்பதும் அந்தக் கணக்கில் சேரவேண்டும். அது சேராமற் போனது தற்செயல் அல்ல. சட்டமே அப்படி அமைந்தது.

வன்னியின் குடியேற்றக் காணிகள் பெரும்பாலும் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் பொமிற்றில் (அனுமதிப்பத்திரத்தில்) கொடுக்கப்பட்டவை. பின்னுரித்தாளர் பெயர் குறிக்கப்படாவிட்டால் காணி யாருக்கு என்பதை அதன் மூன்றாம் அட்டவணை வரிசைப்படுத்தியது: முதலில் மகன்மார், பிறகு மகள்மார்; பேரன்மார், பிறகு பேத்திமார்; ஒவ்வொரு படியிலும் மூத்தவர் முன். விதவைக்குக் கிடைத்தது அனுபவிக்கும் உரிமை மட்டுமே. மறுமணம் செய்தால் அதுவும் போனது. நீரோ காணியைப் பின்தொடர்வது. சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைப்பது, துருசை எப்போது திறப்பது என்று முடிவெடுக்கும் கூட்டம் வயற்காரர் கூட்டம். பொமிற்றில் பெயரில்லாதவள் வயலில் நாள் முழுதும் களை பிடுங்கினாலும் அங்கே வெளியாள்.

பெண்களுக்கு எதிரான பாரபட்சங்களை ஒழிக்கும் ஐ.நா. சமவாயத்தை இலங்கை 1981இல் ஏற்றது. அதன் 14ஆம் உறுப்புரை கிராமப் பெண்ணின் காணியுரிமையையும் நீர் வசதியையும் சேர்த்தே பேசுகிறது. காணிச் சட்டம் 2022இல் திருத்தப்பட்டு ஆண் முன்னுரிமை நீங்கிவிட்டதே என்பர். வரவேற்கவேண்டிய திருத்தம்தான். ஆனால் நாற்பது ஆண்டுகள் தாமதித்து வந்தது. இடையில் போர் நடந்தது. கணவர் காணாமற்போன பெண்கள் மரணச் சான்றிதழ் இல்லாமல் மீள்குடியேறினார்கள். காணாமற்போனமைக்கான சான்றிதழுக்கே 2016இல்தான் சட்டம் வந்தது. அந்த ஆண்டுகளில் ஒரு பெண் இழந்த போகங்களைத் திருத்தம் திருப்பித் தராது.

மகனை முன்நிறுத்துவது தமிழர் வழக்கம், அரசை ஏன் குறை சொல்வது என்பதும் பொருந்தாது. ஒல்லாந்தர் 1707இல் தொகுத்த தமிழர் வழக்கச் சட்டமான தேசவழமை, கணவனின் சம்மதமின்றி மனைவி காணியை விற்கமுடியாதபடி கட்டிவைத்தது உண்மை. ஆயினும் மகளுக்குக் காணியைச் சீதனமாகக் கொடுப்பது அதில் ஊறிய நடைமுறை. மகனை முன்னே நிறுத்திய அட்டவணையை எழுதியது கொழும்பு.

குளத்தைக் காப்பது பொறியியல் வேலை, உரிமைப் பேச்சு அதைத் தாமதப்படுத்தும் என்ற ஆட்சேபம்தான் கனமானது. ஆனால் நீரைக் காப்பதில் மிகக் கடினமான முடிவு, குளத்தில் எவ்வளவு நீரை விட்டுவைப்பது என்பதே. கடைசி மடை வரை பாய்ச்சிக் குளம் வற்றினால் ஆவணி, புரட்டாதியில் அண்டிய கிணறுகளின் மட்டமும் இறங்கும். மாட்டுக்கும் நீர் இராது. அந்த இறக்கத்தை முதலில் காண்பவள் கிணற்றில் வாளியை விடுபவள். அவள் இல்லாத கூட்டம் நெல்லின் தேவையை மட்டுமே அளக்கிறது. பெண்ணுரிமைக் கடப்பாட்டை நிறைவேற்றாத அரசால் நீர்க் கடப்பாட்டையும் முழுதாக நிறைவேற்ற முடியாது என்பதற்கு இதுவே காரணம். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் சிறுபோகக் கூட்டத்தின் வரவுப் பதிவைக் குடிமக்கள் எவரும் கேட்கலாம். அதில் எத்தனை பெண்கள் ஒப்பமிட்டார்கள், எத்தனை பேர் தம் பெயரிலுள்ள காணிக்காக ஒப்பமிட்டார்கள் என்பதைக் கட்டுத் திருத்தச் செலவுக்குப் பக்கத்திலேயே நீர்ப்பாசனத் திணைக்களம் ஆண்டுதோறும் வெளியிடவேண்டும்.