உள்ளான் வந்த தேதி

இந்த எபிசோடுக்குக் கம்பம் பள்ளத்தாக்கை எடுத்திருக்கேன். கம்பம்னாலே பன்னீர் திராட்சை, சுருளி அருவி, பென்னிகுக், இந்த மூணும்தான் பேச்சுல வரும். இன்னைக்கு நாலாவதா ஒண்ணு: புரட்டாசி, ஐப்பசியில இந்த வயல்கள்ல வந்து இறங்குற வலசைப் பறவைகள். அதுலயும் ஒரு சின்னக் கேள்விதான். பறவை வந்த தேதியை நம்ம பக்கத்துல யார் குறிச்சு வச்சாங்க, எதுக்காகக் குறிச்சாங்க?

முதல்ல காலத்தைப் பத்திச் சொல்லிடறேன். இங்கிலீஷ் புத்தகங்கள்ல இதை 'ஆட்டம் மைக்ரேஷன்'னு எழுதுவாங்க. அதை இலையுதிர் காலம்னு மொழிபெயர்த்தா கம்பத்துக்குப் பொருந்தாது. இலை உதிர்ற காலமா அது? செப்டம்பர்ல இருந்து நவம்பர் வரைக்கும் இங்க பச்சை ஏறுற காலம். பழைய கணக்குல கார் முடிஞ்சு கூதிர் தொடங்குற நேரம், வடகிழக்குப் பருவமழை வர்ற நேரம். சைபீரியாவுலயும் மத்திய ஆசியாவுலயும் குளிர் ஏறுறப்ப, இங்க ஈரம் ஏறுது. பறவைக்கு அது போதும்.

முன்னாடி வர்றது பெரும்பாலும் சாம்பல் வாலாட்டி. ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் தொடக்கத்துல மலை ஓடைகள்லயும் கால்வாய் ஓரத்துலயும் வாலை மேலயும் கீழயும் ஆட்டிக்கிட்டு நிக்கும். அப்புறம் தகைவிலான், பழுப்புக் கீச்சான், பொரி உள்ளான். அக்டோபர்ல ஆறுமணிக்குருவி. இமயமலை அடிவாரத்துல இருந்து ராத்திரியில பறந்து வர்ற பறவை அது. விளக்கு வெளிச்சத்துல குழம்பி வீட்டுக்குள்ளேயே வந்து விழுறதும் உண்டு. சோளக்காட்டுல கூட்டமா இறங்குற சோளப்பட்சியும் இந்த வரிசையில வரும். ஆனா இந்தக் கதையோட நாயகன் இதுல எதுவும் இல்ல. உள்ளான்தான் நாயகன்.

நம்ம ஆட்கள் உள்ளான்ங்கிற பேரைச் சேத்துல நடக்குற பல பறவைகளுக்குப் பொதுவா வச்சிருக்காங்க. நான் சொல்றது நீண்ட நேரான அலகும், வைக்கோல் நிறத்துல கோடு போட்ட முதுகும் உள்ள பறவை, ஆங்கிலத்துல ஸ்னைப். அலகைச் சேத்துக்குள்ள முழுசா குத்தி, நுனியாலேயே புழுவைத் தடவிக் கண்டுபிடிக்கும். அதனால அதுக்குத் தண்ணி மட்டும் இருந்தாப் பத்தாது, இளகின சேறு வேணும். இந்த ஒரு விஷயத்தை மனசுல வச்சுக்கோங்க. இப்ப அணைக்குப் போவோம்.

பெரியாத்துத் தண்ணியைக் கிழக்கே திருப்பணும்ங்கிற யோசனை பென்னிகுக்குக்கு நூறு வருஷம் முந்தினது. ராமநாதபுரம் சேதுபதியோட பிரதானி முத்திருளப்ப பிள்ளை 1789-லேயே மலைக்கு ஆள் அனுப்பிப் பார்க்கச் சொன்னார். 1876-78 தாது வருஷப் பஞ்சம்தான் அரசாங்கத்தை அசைச்சது. 1886-ல திருவிதாங்கூரோட 999 வருஷக் குத்தகை, 1887-ல வேலை தொடக்கம், 1895 அக்டோபர்ல கவர்னர் வென்லாக் பிரபு திறந்து வச்சார். சுரங்கம் வழியா வந்த தண்ணி பள்ளத்தாக்குல இறங்குச்சு. மாசத்தைக் கவனிங்க: அக்டோபர். வலசை நடக்குற அதே நேரம்.

உண்மையில அந்தத் தண்ணி கம்பத்துக்காகக் கொண்டுவந்தது இல்ல. மதுரை, மேலூர் பக்கத்துக்காகத் திட்டம் போட்டது. ஆனா ஆறு இந்தப் பள்ளத்தாக்கு வழியாத்தானே போகணும்! 1895-க்கு முன்னாடியும் இங்க சுருளியாறு இருந்துச்சு, குளங்கள் இருந்துச்சு, நெல் விளைஞ்சுச்சு. பெரியாறு தந்தது உறுதி. இன்னைக்கு லோயர்கேம்ப்ல இருந்து பழனிசெட்டிபட்டி வரைக்கும் 14,707 ஏக்கர் இருபோக நெல் வயல்னு சொல்றோமே, அது அந்த உறுதியில நிக்குற கணக்கு.

இருபோகம்ங்கிறது உள்ளானுக்கு என்ன அர்த்தம்னு பாருங்க. வழக்கமா ஜூன்ல தண்ணி திறப்பாங்க. முதல் போகம் அக்டோபர் வாக்குல அறுவடைக்கு வரும். அறுத்த தாள் நிக்குற வயல், பக்கத்துல அடுத்த போகத்துக்கு நாத்தங்கால், அதுக்கடுத்து தொழி உழவு அடிச்ச சேறு, எல்லாம் ஒரே நேரத்துல ஒரே வெளியில கிடக்கும். ஒருபோகப் பூமியில அந்த மாசத்துல நெல் உசந்து மூடி நிக்கும், உள்ளானுக்கு அலகு குத்த இடம் இருக்காது. இங்க ஐப்பசியில வயலே சேறா விரிஞ்சு கிடக்கு. மேற்கு மலை, மேகமலை ரெண்டுக்கும் நடுவுல பறந்து வர்ற பறவைக்கு இதைவிட நல்ல அழைப்பு கிடையாது. கம்பத்து வயலை 'இயற்கை வாழிடம்'னு எழுதுறதைப் பார்க்கும்போது எனக்குக் கொஞ்சம் நெருடும். அதுல பாதி இயற்கை. மீதியைச் செஞ்சது ஒரு சுரங்கமும் ஒரு மடையும்.

இப்ப தேதிக்கு வருவோம். இந்தப் பறவை வர்ற தேதியை எழுத்துல கவனமாக் குறிச்சவங்க பெரும்பாலும் துப்பாக்கிக்காரங்கதான். உள்ளான் சுடுறது சென்னை மாகாணத்து வெள்ளைக்கார அதிகாரிகளோட, தோட்டக்காரங்களோட பெரிய பொழுதுபோக்கு. கிளம்பினா வளைஞ்சு வளைஞ்சு பறக்கும், குறி வைக்கிறது கஷ்டம். இந்தியாவுல இருந்த பிரிட்டிஷ் சிப்பாய்கள் 18-ம் நூற்றாண்டுல இதைச் சுட்ட பழக்கத்துல இருந்துதான் 'ஸ்னைப்பர்'ங்கிற சொல்லே வந்துச்சு. சினிமாவுல மாடியில படுத்துக் குறி பார்க்குறானே, அவன் பேருக்கு மூலம் நம்ம நெல் வயல்ல கிடக்குற ஒரு நூறு கிராம் பறவை.

அவங்க எழுதினதைச் சும்மா வேட்டைக் கணக்குன்னு தள்ளிட முடியாது. ஜெர்டனோட 'பேர்ட்ஸ் ஆஃப் இந்தியா' 1862-64-ல வந்துச்சு. பின்னால காங்கிரஸைத் தொடங்கினவங்கள்ல ஒருத்தரான ஏ.ஓ. ஹியூம், மார்ஷலோட சேர்ந்து 1879-81-ல வேட்டைப் பறவைகளைப் பத்தி மூணு தொகுதி போட்டார். ஹியூமுக்கு நாடு முழுக்க எழுதி அனுப்புற ஆட்கள் இருந்தாங்க. இந்தக் குறிப்புகள்ல இருந்துதான், முதல்ல வர்றது ஊசிவால் உள்ளான், அப்புறம்தான் விசிறிவால் உள்ளான்ங்கிறது தெளிவாச்சு. எப்படிப் பிரிச்சாங்க? வால் இறகை எண்ணினாங்க. விசிறிவாலுக்குச் சாதாரணமா 14 இறகு. ஊசிவாலுக்கு 26 வாக்குல இருக்கும், ஓரத்து இறகுகள் ஊசி மாதிரி மெலிஞ்சிருக்கும். செத்த பறவையைக் கையில வச்சா அரை நிமிஷ வேலை. உயிரோட வயல்ல நிக்குறதைப் பைனாகுலர்ல பார்த்துச் சொல்றது இன்னைக்கும் அனுபவசாலிகளைத் திணற வைக்கும்.

கையில இருந்தாலும் தப்பு நடக்கும்ங்கிறதுக்கு இதே பள்ளத்தாக்குல ஒரு சாட்சி இருக்கு. பறவை இல்ல, வௌவால். மேகமலையில, அன்னைக்கு 'ஹை வேவி'ன்னு சொன்ன மலையில, தோட்டக்காரரா இருந்த ஆங்கஸ் ஹட்டன் 1948-ல கர்டானா காப்பி எஸ்டேட்ல ஒரு பழந்தின்னி வௌவாலைப் பிடிச்சு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பினார். சாதாரண வகைன்னு சீட்டு ஒட்டி வச்சுட்டாங்க. 24 வருஷம் கழிச்சு, 1972-ல, தாய்லாந்து ஆய்வாளர் கிட்டி தோங்லோங்யா அதை எடுத்துப் பார்த்து, இது புது இனம் மட்டுமில்ல, புதுப் பேரினமே வேணும்னு கண்டுபிடிச்சார். சாலிம் அலி பேரை வச்சார். அதே சாலிம் அலி 1933-ல திருவிதாங்கூர் பறவைக் கணக்கெடுப்புல நம்ம மலைக்கு அந்தப் பக்கம் குமுளி, பெரியாறு ஏரி வரைக்கும் வந்து போனவர். அந்த ஏரியும் 1895-ல உண்டானதுதான்.

துப்பாக்கி போனதும் தேதியும் போச்சு. 1972-ல வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்துச்சு, 1991 திருத்தத்தோட உரிமம் வாங்கிச் சுடுறதும் நின்னுச்சு. நல்லதுதான், சந்தேகமே இல்ல. ஆனா இந்த வருஷம் முதல் உள்ளான் எப்ப வந்துச்சுன்னு ஆவலா எழுதி வைக்கிற பழக்கத்துக்கு உடனே மாற்று வரல. 2007-ல 'மைக்ரண்ட்வாட்ச்'னு ஒரு திட்டம் தொடங்கினாங்க. ஒன்பது வலசைப் பறவைகளை எடுத்துக்கிட்டு, உங்க ஊர்ல முதல்ல பார்த்த தேதியை அனுப்புங்கன்னு பொதுமக்கள்கிட்ட கேட்டாங்க. பழைய வேட்டைக்காரன் கேட்ட அதே கேள்வி, இந்தத் தடவை காரணம் வேற: பூமி சூடாகுறப்ப வலசைக் காலம் நகருதான்னு பார்க்க. இப்ப அந்த வேலை இ-பேர்டுக்குள்ள போயிருச்சு.

தமிழ்நாட்டுல ஆர்வம் நிறைய இருக்கு. பொங்கல் பறவைகள் கணக்கெடுப்புக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைங்களே வர்றாங்க. ஆனா பொங்கல் ஜனவரியில. வந்த பறவை எல்லாம் குடியேறி மூணு மாசம் ஆனப்புறம் எண்ணுறோம். கல்யாண வீட்டுக்குப் பந்தி முடியுறப்ப போய் எத்தனை பேர் வந்தாங்கன்னு எண்ணுற மாதிரி. யார் முதல்ல வந்தாங்கன்னு அந்தக் கணக்கு சொல்லாது.

கம்பத்துக்கு இது வெறும் பொழுதுபோக்குக் கேள்வி இல்ல. அணையில தண்ணி குறைஞ்ச வருஷம் திறப்பு தள்ளிப் போகும், நடவு தள்ளிப் போகும், ஐப்பசியில சேறா இருக்க வேண்டிய வயல்ல பயிர் நிக்கும், இல்ல தரிசாக் கிடக்கும். வாய்க்கால் ஓர வயல் தென்னந்தோப்பாகுது, வீட்டுமனையாகுது. தென்னந்தோப்புலயும் பறவை இருக்கும், ஆனா உள்ளான் இருக்காது. 1979-ல இருந்து 136 அடி, 142 அடின்னு அணை நீர்மட்டத்துக்காக நடந்த வழக்கும் போராட்டமும் எல்லாருக்கும் தெரியும். அந்த அடிக்கணக்கு உள்ளானோட தேதியையும் சேர்த்துத்தான் தீர்மானிக்குது. ஆனா உள்ளான் தேதி தெரியணும்னா ஒரு வருஷக் குறிப்பு பத்தாது, இருபது வருஷம் வேணும். அதுல முதல் வருஷத்தை யாராவது எழுதியாகணும்.

வயல்ல வேலை செய்றவங்ககிட்ட இந்த அறிவு எப்பவும் இருந்திருக்கு. தொழி அடிக்கிறப்ப மாட்டுக்குப் பின்னாடி, இப்ப டிராக்டருக்குப் பின்னாடி, எந்தப் பறவை முதல்ல வருதுன்னு அவங்களுக்குத் தெரியும். அதைத் தேதியா யாரும் கேட்டு எழுதல, அவ்வளவுதான். க. ரத்னம் 'தமிழ்நாட்டுப் பறவைகள்' புத்தகத்துக்காக ஊர்ப் பேர்களைத் தேடிச் சேர்த்த மாதிரி, ஊர்த் தேதிகளையும் சேர்க்கலாம்.

கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் பக்கம் கேக்குறவங்க இருந்தா ஒரு உதவி. உங்க வயல்ல இந்த வருஷம் முதல் வாலாட்டி என்னைக்கு வந்துச்சு, முதல் உள்ளான் என்னைக்குக் கிளம்பிப் பறந்துச்சு, அன்னைக்கு வயல் தாளா இருந்துச்சா, தொழியா இருந்துச்சா, அதுக்கு உங்க ஊர்ல என்ன பேர் சொல்றாங்க, இந்த நாலையும் எழுதி அனுப்புங்க. கார்த்திகை முடிஞ்சதும் வந்ததை எல்லாம் ஒரு எபிசோடுல படிச்சிடலாம்.