நைஜீரியரின் செந்நிறக் குழம்பு: ஒரு தட்டில் மூன்று வரலாறுகள்

நைஜீரியாவின் தென்மேற்கே வாழும் யொருபா மக்களின் இல்லங்களில் ஞாயிறு நண்பகல் உணவு பெரும்பாலும் சோறும் செந்நிற இறைச்சிக் குழம்புமே. அக்குழம்பை அவர்கள் 'ஒபே அட்டா' என்பர். 'ஒபே' என்றால் குழம்பு, 'அட்டா' என்றால் மிளகாய். தம் மண்ணின் உணவு எதுவெனக் கேட்டால் பலர் இதனையே சுட்டுவர். ஆயினும் அத்தட்டிலுள்ளவற்றை ஒவ்வொன்றாக ஆராய்ந்தால், அவற்றுட் பல கடல் கடந்து வந்தவை என்பது புலனாகும்.

அதனைச் சமைக்கும் முறை இது. மாட்டிறைச்சியோ ஆட்டிறைச்சியோ வெங்காயம், உப்பு, தைம் எனும் மூலிகை, கறித்தூள் ஆகியவற்றுடன் அவிக்கப்பட்டுப் பின்னர் பொரிக்கப்படுகிறது. தக்காளி, உறைப்புக் குறைந்த பெரிய சிவப்பு மிளகாய், கடும் உறைப்பான உருண்டை மிளகாய், வெங்காயம் ஆகியவற்றை அரைத்து, நீர் வற்றும்வரை கொதிக்க வைப்பர். பின்னர் அவ்விழுதை எண்ணெயில் இட்டு, புளிப்பு அடங்கி எண்ணெய் மேலே மிதக்கும்வரை வதக்குவர். அதன் பின்னரே இறைச்சியும் அது அவிந்த சாறும் சேரும்.

தக்காளியும் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்துத் தாவரங்கள். 1492இல் கொலம்பஸ் அங்கு சென்றடையும்வரை ஆபிரிக்கா அவற்றை அறியாது. ஏலத்துக்கு உறவான ஒரு விதையும், மிளகுக்கு உறவான ஒரு கொடியின் மணியும் போன்றவை அதுவரை மேற்கு ஆபிரிக்கருக்கு உறைப்பைத் தந்தன. 1480களில் பெனின் அரசை அடைந்த போர்த்துக்கேயரும், அவர்களைத் தொடர்ந்த பிற ஐரோப்பியரும் நடத்திய அத்திலாந்திக் வணிகமே புதிய பயிர்களைக் கொணர்ந்தது. அவ்வணிகத்தின் பெருஞ்சரக்காக மனிதரே ஆயினர். சுமார் 1 கோடியே 25 இலட்சம் ஆபிரிக்கர் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டனர் என வரலாற்றாய்வாளர் மதிப்பிடுகின்றனர். மிளகாய் வந்த கடல்வழி, மனிதரைக் கொண்டுபோன கடல்வழியே.

கறித்தூளின் கதை வேறு. இந்தியாவில் உண்டு பழகிய சுவையை ஒரே தூளாக்கி, 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே பிரித்தானியர் இலண்டனில் விற்றனர். 1861இல் லாகோஸைக் கைப்பற்றி, 1960 வரை நைஜீரியாவை ஆண்டவர்களும் அவர்களே. அவர்களுடைய பேரரசின் வழியாகவே கறித்தூள் அங்கு சென்றது. தமிழின் 'கறி' என்ற சொல்லும் அத்துடன் சென்றது.

இனி, சோறு. நைஜர் ஆற்றின் மேற்பகுதியில் சுமார் 3000 ஆண்டுகளுக்கு முன்னரே ஆபிரிக்கர் தமக்கென ஒரு நெல்லினத்தைப் பயிராக்கிக்கொண்டனர்; ஆசிய நெல் பின்னரே வந்தது. எனினும் நைஜீரிய இல்லங்கள் பலவற்றில் சோறு நெடுங்காலம் பண்டிகை உணவாகவே இருந்தது. 1970களின் பெற்றோலியப் பணம் அதனை அன்றாட உணவாக்கிற்று. இறக்குமதிப் புழுங்கலரிசி குவிந்தது. உள்ளூர் உழவன் பின்தள்ளப்பட்டான். 1985இல் அரசு அரிசி இறக்குமதியைத் தடைசெய்தது. 1995இல் அத்தடையை நீக்கியது. கடத்தலைத் தடுக்கவென 2019 ஆகஸ்டில் தரைவழி எல்லைகள் மூடப்பட்டு, 2020 டிசம்பரில் மீண்டும் திறக்கப்படத் தொடங்கின. இடையில் அரிசி விலை ஏறி, ஏழையின் ஞாயிற்றுக்கிழமைத் தட்டையே தாக்கிற்று.

அவ்வாறாயின் இது யாருடைய உணவு? ஐயமின்றி நைஜீரியருடையதே. பொருள்கள் எவருடைய கப்பலில் வந்தாலும், விழுது எப்போது பதமாயிற்று என அறியும் கண் அந்நாட்டுத் தாய்மாருடையது. அடிமைத்தனமும் அந்நிய ஆட்சியும் கொண்டுவந்து போட்டவற்றிலிருந்து அவர்கள் தமக்கென ஒரு சுவையை ஆக்கிக்கொண்டனர்.

நமக்கும் மிளகாய் போர்த்துக்கேயர் காலத்தில் வந்ததே. மிளகைப்போல் உறைக்கும் காய் என்று பெயரிட்டு, அதனை நமதாக்கிக்கொண்டோம். அந்நிய மண்ணில், தகரத்தில் அடைத்த தக்காளியைக் கொண்டு கறி காய்ச்சும் நாம், இது நம் உணவுதானா என ஐயுற வேண்டியதில்லை. சமைத்துப் பிள்ளைகளுக்குப் பரிமாறும்வரை அது நம்முடையதே.