துப்பறிவாளரும் வாசகரும் போட்ட ஒரே கணக்கு

துப்பறியும் கதையில் எந்தத் தடயத்தையும் வாசகரிடமிருந்து ஒளிக்கக் கூடாது என்பதை 1929இல் ஆங்கில எழுத்தாளர் ரொனால்ட் நாக்ஸ் தம் பத்து விதிகளில் ஒன்றாக வகுத்தார். அந்த நேர்மை, விதியாவதற்கு வெகுகாலம் முன்பே பள்ளிக்கூடக் கணக்கின் வழியாகக் கதைக்குள் வந்துவிட்டது என்பதே என் வாதம். எட்கர் ஆலன் போ 1843இல் வெளியிட்ட ‘தங்க வண்டு’ கதையில் புதையல் தேடும் லெக்ராண்ட் ரகசியக் குறிகளை எண்ணுகிறான். 8 என்ற குறி 33 முறை வருகிறது. ஆங்கிலத்தில் மிகுதியாக வரும் எழுத்து ‘ஈ’. அப்படியானால் 8தான் ‘ஈ’. குறிகள் முழுவதும் அச்சாகியிருப்பதால் வாசகரும் எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம். புதையல் முதலில் தப்பிப்போவதும் வடிவியலால்தான். மரத்தில் அறைந்திருந்த மண்டையோட்டின் இடக்கண்ணை விட்டு வலக்கண் வழியே வண்டை இறக்கியதால், அது தொட்ட இடத்தில் அடித்த முளை விலகியது இரண்டரை அங்குலமே. மரத்திலிருந்து முளை வழியாகக் கோட்டை 50 அடி நீட்டியதும் அந்தப் பிழை பெருகி, குழி வேறிடத்தில் விழுகிறது.

கோனன் டாயில் 1893இல் எழுதிய ‘மஸ்கிரேவ் சடங்கு’ இதை இன்னும் துலக்கமாகக் காட்டுகிறது. மறைவிடத்துக்கு வழிகாட்டும் பழைய சடங்கு வாசகத்தின்படி எல்ம் மரத்தின் நிழல் முடியும் இடம் தெரிய வேண்டும், மரமோ வெட்டப்பட்டுவிட்டது. அதன் உயரம் 64 அடி என்று வீட்டுக்காரருக்குத் தெரியும். சிறுவயதில் அவருடைய ஆசிரியர் கொடுத்த முக்கோணவியல் பயிற்சி அது. ஹோம்ஸ் ஆறடித் தூண்டில் கழியை நட்டு, அதன் நிழல் ஒன்பது அடி என்று அளக்கிறார். வடிவொத்த முக்கோணங்களின்படி மரத்தின் நிழல் 96 அடி. அவர் அடித்த முளைக்கு இரண்டு அங்குலத்துக்குள், அவருக்கு முன்பே அளந்து பார்த்த பட்லர் விட்டுச்சென்ற குழி இருக்கிறது. தனித்தனியே கணக்குப் போட்ட இருவர் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். பென்சில் எடுத்த வாசகர் மூன்றாமவர்.

இதெல்லாம் வெறும் மேதாவிப் பகட்டு என்பார்கள். ‘சில்வர் பிளேஸ்’ கதையில் ரயிலின் வேகம் மணிக்கு 53½ மைல் என்று ஹோம்ஸ் அரை மைல் சுத்தமாகச் சொல்வதைச் சான்று காட்டுவார்கள். தந்திக் கம்பங்களின் இடைவெளி 60 கஜம் என்று கதையிலேயே இருக்கிறது. ஒரு மைல் 1,760 கஜம். போட்டுப் பார்த்தால், 2 நிமிடம் 3 விநாடியில் கடக்கும் கம்பங்களின் எண்ணிக்கையே மணிக்கு இத்தனை மைல் என்ற விடையாகிறது. அரை மைல் வித்தியாசம் ஒரு விநாடிக்குச் சற்று மேல். விநாடி முள்ளுள்ள கடிகாரம் போதும். மஸ்கிரேவ் கதைக்கு வரும் ஆட்சேபம் வலுவானது: பதினேழாம் நூற்றாண்டுச் சடங்கு எழுதப்பட்ட பின்னும் மரம் வளர்ந்திருக்குமே, நிழலும் நாளுக்கு நாள் மாறுமே? ஆம், அது கதையின் ஓட்டைதான். ஆனால் உயரத்தையும் நிழலையும் எண்ணாகவே கொடுத்ததால்தான் வாசகர் அந்த ஓட்டையைக் கண்டுபிடிக்க முடிகிறது. உள்ளுணர்வால் துப்புத் துலங்கியது என்று எழுதியிருந்தால் யாரும் குறுக்கே கேட்டிருக்க முடியாது. கணக்கைக் கதைக்குள் வைத்த எழுத்தாளர், தன்னைத் திருத்தும் உரிமையையும் சேர்த்தே வாசகருக்குக் கொடுத்தார். நாக்ஸ் பின்னாளில் விதியாக்கியது இந்த உரிமையைத்தான்.