களக் கம்பி ஆன்டெனா

குறைந்த திறனில் இயங்கும் அமெச்சூர் வானொலிக் கருவியுடன் மலை, காடு, கடற்கரை போன்ற இடங்களுக்குச் செல்வோர் பையில் சுருட்டி எடுத்துச் சென்று, மரத்திலோ கழியிலோ கட்டிப் பயன்படுத்தும் கம்பியே களக் கம்பி ஆன்டெனா. ஹாம்கள் எனப்படும் அமெச்சூர் வானொலியாளர்கள் ‘க்யூ.ஆர்.பி.’ என்று சொல்லும் குறைதிறன் இயக்கத்தில் மோர்ஸுக்கு 5 வாட்டும் பேச்சுக்கு 10 வாட்டும் எல்லையாகக் கொள்ளப்படுகின்றன. 100 வாட்டிலிருந்து 5 வாட்டுக்கு இறங்கினால் எதிர்முனையில் 13 டெசிபல் குறையும். கேட்பவரின் அளவுமானியில் இது இரண்டு எஸ் அலகுக்குச் சற்றே அதிகம். அந்தக் குறையை ஈடுகட்டுவது, அளவாக வெட்டி உயரக் கட்டிய கம்பிதான்.

வரலாறு: இதன் மூல வடிவம் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹே நகரில் 1886 முதல் 1888 வரை ஹைன்ரிக் ஹெர்ட்ஸ் நடத்திய சோதனைகளில் பிறந்தது. இரண்டு கம்பிகளை நேர்கோட்டில் வைத்து நடுவே மின்பொறி பறக்கவிட்டார் ஹெர்ட்ஸ். இன்று இரண்டு மரங்களுக்கிடையே கட்டப்படும் டைபோல் அதன் நேர் வாரிசு.

திறந்த வெளியில் கம்பி ஏற்றியவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் மார்க்கோனி. 1901 டிசம்பரில் நியூஃபவுண்ட்லாந்தின் சிக்னல் ஹில் குன்றில், இங்கிலாந்தின் போல்டு நிலையத்திலிருந்து வரும் குறியீட்டுக்காக அவர் காத்திருந்தார். கம்பியைத் தூக்கிய பலூனைக் காற்று அறுத்துக்கொண்டு போனது. 12ஆம் தேதி பட்டத்தில் கட்டி, ஏறத்தாழ 150 மீட்டர் கம்பியை மேலே ஏற்றினார். பட்டம் ஏறி இறங்கியபோதெல்லாம் கம்பியின் இசைவும் மாறியதால், இசைவித்த ஏற்பியை ஒதுக்கிவிட்டு எளிய ஏற்பிக்கு மாற வேண்டியிருந்தது. மோர்ஸின் ‘எஸ்’ எழுத்து அன்று காதில் விழுந்ததாக அவர் அறிவித்தார்.

1909இல் ஹான்ஸ் பெகரோ ஜெர்மனியில் வான்கப்பலுக்கான ஆன்டெனா ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். ஹைட்ரஜன் நிரம்பிய கப்பலின் அருகே உயர் மின்னழுத்தம் இருந்தால் பேராபத்து. எனவே அரை அலை நீளக் கம்பியைக் கப்பலிலிருந்து விலக்கித் தொங்கவிட்டு, கால் அலை நீள இணைக்கம்பி வழியாக அதன் ஒரு முனையில் மின்னோட்டத்தைச் செலுத்தினார். ஹாம்கள் இதை இன்றும் ‘செப்’ என்றே அழைக்கிறார்கள். ஒரு முனையில் மட்டும் ஊட்டப்படும் களக் கம்பிகள் இந்த வழியில் வந்தவை.

இந்த ஆன்டெனாக்கள் பைக்குள் அடங்கியதற்குச் சிற்றலைதான் காரணம். தொடக்க கால வானொலியின் அலைநீளம் நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான மீட்டர். அதற்கேற்ற கம்பியைத் தோளில் சுமக்க முடியாது. 1912ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம் அமெச்சூர்களை 200 மீட்டருக்குக் கீழே தள்ளியது. பயனற்றது என்று அன்று கருதப்பட்ட அந்தப் பகுதியில்தான், 1923 நவம்பரில் அமெரிக்க அமெச்சூர்கள் பிரான்சின் லியோன் டெலாயுடன் ஏறத்தாழ 110 மீட்டர் அலையில் அட்லாண்டிக் கடந்து பேசினார்கள். 1927இல் வாஷிங்டன் மாநாடு 80, 40, 20, 10 மீட்டர் பட்டைகளை அமெச்சூர்களுக்கு உறுதி செய்தது. 20 மீட்டர் பட்டையில் அரை அலைக்குப் பத்து மீட்டர் கம்பி போதும்.

அதே காலத்தில் ஆஸ்திரியாவின் ஜோசஃப் ஃபுக்ஸ், முனையில் ஊட்டப்படும் அரை அலைக் கம்பியை இசைவுச் சுற்று ஒன்றுடன் இணைத்தார். லோரன் விண்டம், நடுப்புள்ளியிலிருந்து விலக்கி ஊட்டும் முறையை 1929இல் எழுதி வெளியிட்டார். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் எஸ்.ஓ.இ. என்ற இரகசிய அமைப்பின் உளவாளிகள் ‘பாராசெட்’ என்ற சிறு கருவியுடன் பகைவர் பிடித்த நாடுகளில் இறங்கி, ஏறத்தாழ 5 வாட்டில் லண்டனுக்குச் செய்தி அனுப்பினார்கள். அவர்களுக்கும் துணை ஒரு நீளக் கம்பிதான். 1946இல் லூயிஸ் வார்னி வடிவமைத்த 31 மீட்டர் நீள ‘ஜி5ஆர்வி’யுடன் அடிப்படை வடிவங்கள் பெரும்பாலும் வந்துசேர்ந்துவிட்டன.

வகைகள்: நடுவில் ஊட்டும் டைபோலுக்கு 143ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மொத்த நீளம் மீட்டரில் கிடைக்கும். 14.06 மெகாஹெர்ட்ஸுக்கு அது 10.17 மீட்டர். உறையிட்ட கம்பியில் நீளம் சற்றுக் குறையும் என்பதால், கூடுதலாக வெட்டிக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பதே வழக்கம். ஒரே கழியில் நடுவை உயர்த்தி இரு கைகளையும் சரித்தால் அது தலைகீழ் ‘வி’. கைகளுக்கிடையே 90 பாகைக்குக் குறையாமல் கோணம் இருக்க வேண்டும்.

தனியாளாகச் செல்வோருக்கு முனை ஊட்டும் அரை அலைக் கம்பி வசதியானது. கம்பி முனையின் மின்மறுப்பு ஆயிரக்கணக்கான ஓம். கருவி எதிர்பார்ப்பதோ 50 ஓம். ஃபெரைட் வளையத்தில் முதன்மைக்கு 2 சுற்று, துணைக்கு 14 சுற்று சுற்றினால் சுற்று விகிதம் 7, மறுப்பு விகிதம் 49. அதாவது 2,450 ஓமை இந்தச் சிறு மின்மாற்றி 50 ஓமாகக் காட்டும். முதன்மைக்குக் குறுக்கே 100 பிகோஃபாரட் மின்தேக்கி ஒன்றை வைத்தால் உயர் பட்டைகளில் பொருத்தம் மேம்படும். 20 மீட்டர் கம்பி ஒன்றே 40, 20, 15, 10 மீட்டர் பட்டைகளுக்கு உதவும். கருவியை இணைக்கும் கோஆக்ஸ் வடத்தின் வெளிவலையே எதிர்க்கம்பியாக அமைந்துவிடுவதால் தனி எதிர்க்கம்பி தேவையில்லை. ஏதோ ஒரு நீளத்தில் கம்பி இழுத்து ட்யூனரால் சமாளிப்பது கைகொடுக்கும்; ஆனால் அந்த நீளம் அரை அலையின் மடங்காக இருந்தால் ட்யூனர் திணறும்.

கட்டுதல்: ஈயக்குண்டு கட்டிய மெல்லிய நூலைக் கிளைக்கு மேலே வீச வேண்டும். குண்டு மறுபக்கம் இறங்கியதும் அதே நூலில் நைலான் கயிற்றை முடிந்து இழுத்து, கயிற்றால் கம்பியை ஏற்ற வேண்டும். காற்றில் கிளை ஆடும்போது கம்பி அறாதபடி சிறிது தளர்வு விடுவது நல்லது. மரமில்லாத உச்சிகளில் 6 முதல் 10 மீட்டர் வரை நீளும் கண்ணாடியிழைக் கழி பயன்படுகிறது. 7 மெகாஹெர்ட்ஸில் தாழக் கட்டிய கம்பியைக் குறை சொல்லத் தேவையில்லை. அது அலையை நேர் மேலே அனுப்பும். அயனி மண்டலம் அதைத் திருப்பிச் சில நூறு கிலோமீட்டர் சுற்றுவட்டத்தில் மழைபோல் இறக்கும். இடையே மலை குறுக்கிட்டாலும் தடையில்லை.

இன்றைய நிலை: 2002 மார்ச் 2 அன்று பிரிட்டனில் தொடங்கிய ‘சோட்டா’ என்ற மலையுச்சித் திட்டமும், பூங்காக்களிலிருந்து பேசும் ‘போட்டா’வும் களக் கம்பி ஆன்டெனாவுக்கு உலகெங்கும் ஆதரவைப் பெருக்கியுள்ளன. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கையின் அம்பாந்தோட்டையிலிருந்து மின்கலத்தில் இயங்கிய சிற்றலைக் கருவிகள் வழியாக அமெச்சூர்கள் செய்தி அனுப்பினார்கள். ஹைதராபாத்தின் அஷார் ஃபர்ஹான் வடிவமைத்த ‘பிட்எக்ஸ்’, கையால் செய்யத்தக்க குறைதிறன் கருவியாகப் பல நாடுகளில் பரவியது.

இந்தியாவில் 5 வாட்டுக்கும் அரசின் அமெச்சூர் உரிமம் கட்டாயம். மின்வாரியக் கம்பி செல்லும் இடத்தில் நூல் வீசக் கூடாது. இடி கேட்டதும் கம்பியைக் கருவியிலிருந்து கழற்றிவிட வேண்டும்.