கதைநூலிற் கண்ட கத்தரிக்காய்

நாவல் படித்துக் கண்ணீர் விட்டாரை அறிவோம். நாவல் படித்து அடுப்பு மூட்டினாரைப் பற்றி நம்மவர் எழுதியது குறைவு. ஆயினும் கதைமாந்தர் உண்டதைத் தாமும் சமைத்துண்ண வேண்டும் என்னும் ஆசை பல நாட்டிலும் உண்டு. 1605-ஆம் ஆண்டு வெளிவந்த ஸ்பானிய நாவலாகிய 'டான் குவிக்ஸோட்', அவ்வீரன் சனிக்கிழமை தோறும் உண்ட பண்டம் ஒன்றை முதற்பக்கத்திலேயே பெயர் சுட்டிச் செல்கிறது. அப்பண்டம் யாது என்று புலவர் வாதிட்டிருக்க, லா மான்சா நாட்டு உணவுச்சாலையார் முட்டையும் பன்றியிறைச்சியும் சேர்த்துப் பொரித்து அப்பெயராலேயே விற்கின்றனர். இவ்வாசையின் வரலாறு காண நாம் அத்துணைத் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. இந்நாட்டில் நம் அண்டை வீட்டாராய் வாழும் சீன மக்கள் தலைமேற் கொண்டு போற்றும் நாவல் ஒன்றே போதிய சான்றாகும்.

'சிவப்பு மாளிகைக் கனவு' என்பது அதன் பெயர், அத்தியாயம் நூற்றிருபது. அவற்றுள் முதல் எண்பதை இயற்றியவர் சாவ் ஷுவேச்சின் என்பார். அவர் இறந்தது 1763-இலோ அதனையடுத்தோ ஆம். நூல் அச்சேறியது 1791-இல். இடைப்பட்ட காலமெல்லாம் அது கையெழுத்துப் பிரதியாகவே கைமாறி வந்தது. இச்செய்தியை வாசகர் மனத்திற் கொள்க. கத்தரிக்காய்க்கு வரும்போது இது வேண்டப்படும்.

ஆசிரியரின் பாட்டனார் சாவ் யின், காங்ஷி சக்கரவர்த்தியின் அன்புக்குரியவர். நான்கிங்கில் அரசாங்கப் பட்டுத்தறிச் சாலைகளின் அதிகாரி. யாங்ஜோவில் உப்பு வாணிக மேற்பார்வையும் பூண்டவர். சக்கரவர்த்தி தெற்கே உலாப் போந்த காலங்களில் நான்கு முறை அவரை உபசரித்தவர். உணவும் பானமும் பற்றிய பழைய எழுத்துக்களைத் திரட்டித் தொகுதியொன்றும் செய்தார். அடுத்த பேரரசர் காலத்தில் அக்குடும்பத்தின் மேல் அரசசினம் பாய்ந்தது. 1728-இல் உடைமையெல்லாம் பறிமுதலாயின. பேரனோ பிற்காலத்தில் பெய்ஜிங் நகரின் மேற்புறத்தே வறுமையுற்று வாழ்ந்தார். வீட்டார் கஞ்சி குடித்தே நாளோட்டியதை அவர் நண்பர் டுன்செங் தம் செய்யுளொன்றிற் குறித்துள்ளார். அந்நாவலின் விருந்துகளைக் கஞ்சிக் கலயத்தின் அருகிருந்த கையே எழுதிற்று.

இனிக் கத்தரிக்காய். லியூ பாட்டி என்பாள் ஓர் ஏழைக் குடியானவள். மருமகன் வழியில் வந்த தூரத்து உறவொன்றைப் பற்றிக்கொண்டு, ஜியா என்னும் பெருங்குடியாரின் மாளிகைக்கு வருகிறாள். 41-ஆம் அத்தியாயத்தில் அவளுக்கு ஒரு கறியை ஊட்டுகின்றனர். அது கத்தரிக்காய் என்றால் அவள் நம்பவில்லை. ஆயுள் முழுதும் கத்தரி பயிரிட்டவளுக்கே அடையாளம் தெரியவில்லை! வீட்டை ஆளும் இளைய சீமாட்டி ஷிபெங் செய்முறை கூறுகிறாள். காயைத் தோல் சீவிச் சதையை மட்டும் பொடிதாய் நறுக்கிக் கோழிக்கொழுப்பிற் பொரிக்க வேண்டும். கோழி நெஞ்சிறைச்சி, காளான், மூங்கிற்குருத்து, மசாலையிட்ட தௌக்குவா, பலவகை உலர்கனி ஆகியவற்றையும் அவ்வாறே நறுக்கிச் சேர்த்துக் கோழிச்சாற்றில் வற்றக் காய்ச்ச வேண்டும். பின்னர் நல்லெண்ணெய் முதலியன கூட்டிப் பீங்கான் சாடியில் இறுக மூடி வைத்து, உண்ணுங்கால் வறுத்த கோழித்துண்டுகளோடு கலக்க வேண்டும். இதனைக் கேட்ட கிழவி நாக்கை நீட்டித் தலையை அசைத்து, ஒரு கத்தரிக்காய்க்குத் துணையாகப் பத்துக் கோழியன்றோ செல்கின்றன என்று கணக்கிடுகிறாள்.

மற்றொரு பிரதி 1911-12-இல் ஷாங்காயில் அச்சாயிற்று. அதனுள் செய்முறையே வேறு. ஆங்கே கத்தரியை மயிர்போல் மெல்லிதாய் அரிந்து, வெயிலிற் காய்த்து, கோழிச்சாற்றில் அவித்து, மறுபடியும் காய்த்து, இவ்வாறு ஒன்பது முறை செய்ய வேண்டும் என்றுள்ளது. கையெழுத்துப் பிரதிகளின் வழிவந்த நூலாதலின் எதனைப் பின்பற்றுவது என்று சமையற்காரர் திகைப்பது இயல்பே. ஷிபெங் உண்மையைத்தான் சொன்னாளா, கிழவியை மலைக்க வைக்கப் புளுகினாளா என்னும் ஐயமும் உண்டு. எனக்குப் பின்னதே பொருத்தமாகப் படுகிறது. அவள் நாவுக்கு அஃது இயல்பு.

திகைப்பு இருந்தும் முயற்சி நின்றதில்லை. 1980-களில் பெய்ஜிங் நகரின் சொங்ஷான் பூங்காவில் உள்ள பழைய உணவுச்சாலையொன்றும், யாங்ஜோ நகரத்துச் சமையல் வல்லாரும் இந்நாவலின் உணவுகளை ஆராய்ந்து விருந்தாக அமைத்தனர். 1987-இல் சீனத் தொலைக்காட்சி அக்கதையைத் தொடராகக் காட்டவே ஆர்வம் பெருகிற்று. யாங்ஜோவுக்கு இதில் உரிமையும் உண்டு. சாவ் யின் 1712-இல் உயிர் நீத்தது அவ்வூரிலேதான். கத்தரிக்கறி அவ்விருந்துகளில் தவறாது இடம்பெற்றது. 35-ஆம் அத்தியாயத்துத் தாமரையிலைச் சாறும் பலரை ஈர்த்தது. அதற்கு மாவை அச்சிட, அவரைவிதை அளவே உள்ள பூவும் காயுமாக முப்பது நாற்பது உருக்கள் வெட்டிய வெள்ளி அச்சுகள் வேண்டும். அவை எவ்வறையில் உள்ளன என்பது மாளிகையார்க்கே தெரியாமல் மூன்றிடத்தில் ஆள்விட்டுத் தேடுகின்றனர்!

இவ்விருந்துகளை நான் பழிக்கவில்லை. பழஞ்சமையற் கலை இவற்றால் ஓரளவு உயிர்பெற்றது. ஆனால் அந்நாவலில் உணவு வருமிடத்து அதன் விலையும் கூடவே வருவதைக் காண்க. 40-ஆம் அத்தியாயத்தில் லியூ பாட்டியின் கனத்த தந்தக் குச்சியிலிருந்து வழுக்கி வீழ்ந்த புறாமுட்டை ஒன்றின் விலை ஒரு தாஹில் வெள்ளி. மெட்ரிக் நிறுவை வருமுன் நம் சந்தைகளில் வழங்கிய அதே தாஹில்தான். 39-ஆம் அத்தியாயத்தில் எழுபது எண்பது கட்டி நண்டு தின்ற விருந்தைக் கேட்டுக் கிழவி விரல்விட்டு எண்ணி, மதுவும் கறியும் சேர்ந்து இருபது தாஹிலுக்கு மேலாகும், அது குடியானவன் வீட்டுக்கு ஓராண்டுச் செலவு என்கிறாள். அவள் கூட்டலைச் சரிபார்த்தால் எண்கள் முற்றும் பொருந்தா, அது கிடக்க. முன்பு 6-ஆம் அத்தியாயத்தில் பிச்சை கேட்கவே நாணி நின்ற அவளுக்கு அம்மாளிகை ஈந்த பெருங்கொடையும் இருபது தாஹிலே. ஒருவேளை நண்டுணவின் விலை!

அடுக்களையையும் ஆசிரியர் மறந்திலர். 61-ஆம் அத்தியாயத்தில் பணிப்பெண் ஒருத்தி அவித்த முட்டைக் கூழ் ஒரு கிண்ணம் கேட்டு ஆளனுப்புகிறாள். முட்டை ஒன்று பத்துக் காசு கொடுத்தாலும் கிடைப்பதரிது என்று மடைத்தலைவி மறுக்கிறாள். பெட்டியைத் திறந்தால் பத்துக்குமேல் முட்டைகள் இருக்கின்றன. உடனே பெரும்பூசல் மூள்கிறது. பணிப்பெண்கள் புகுந்து காய்கறிகளை வாரியெறிகின்றனர். சீமாட்டிகளோ இருபது முப்பது காசு பெறும் கீரைப்பொரியலுக்கு ஐந்நூறு காசு அனுப்பி நற்பெயர் பெறுகின்றனர். முதலாளி வீட்டு அடுக்களையில் வேலை பார்த்த எவரும் அவ்வத்தியாயத்தைப் படித்துத் தலையசைப்பர்.

42-ஆம் அத்தியாயத்தில் கிழவி ஊர் திரும்புகிறாள். அவள் வந்தபோது தன் நிலத்துப் பூசணியும் இலந்தையும் காட்டுக்கீரையும் கொணர்ந்திருந்தாள். இப்போது பட்டும் வெள்ளியும் பெற்றுச் செல்லும் அவளிடம், ஷிபெங்கின் தோழி பிங்கர் ஒரு வேண்டுகோள் விடுக்கிறாள். ஆண்டிறுதியில் வரும்போது ஊரில் வெயிலிற் காய்த்த கீரையும் காராமணியும் அவரையும் சுரைக்கீற்றும் கொண்டுவர வேண்டுமாம். மாளிகையில் மேலோர் முதல் கீழோர் வரை அனைவரும் அவற்றை விரும்பி உண்பராம். அப்பட்டியலில் கத்தரிக்காயும் இருக்கிறது. கத்தரி வற்றல் போடத் தெரிந்த நம் வீட்டுப் பெண்டிர் எவரும் அந்நாவலின் இவ்வுணவை நாளையே செய்துவிடலாம். கோழி ஒன்றும் வேண்டுவதில்லை.