கம்பளியும் கணப்பும்

கேரளம் என்றவுடன், வெளிமாநிலங்களில் வாழும் நம்மவர் மனத்தில் தென்னையும் காயலும் புழுக்கமுமே தோன்றும். அங்கே படுக்கையறைக்குக் கணப்பு எதற்கு என்று வியப்போரும் உளர். ஆனால் தமிழக எல்லையை ஒட்டிய பாலக்காட்டு நெல்லியாம்பதியிலும், தெற்கே இடுக்கி மாவட்டத்து மூணாறு, தேவிகுளம் மலைகளிலும் குளிர் உண்டு. ஜனவரியில் மூணாற்றின் மேட்டுத் தோட்டங்களில் உறைபனி படிந்து தேயிலைக் கொழுந்து கருகுவதும் உண்டு. அக்குளிரில் நம் மக்கள் எவ்வாறு உறங்கினர் என்பதை இங்கே காண்போம்.

1877ஆம் ஆண்டில் ஜான் டேனியல் மன்றோ என்னும் ஆங்கிலேயர், பூஞ்ஞாற்று அரச குடும்பத்தாரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளின் உரிமையைப் பெற்றார். 1897இல் அம்மலைகளின் பெயராலேயே ஒரு கம்பெனி தோன்றியது. திருநெல்வேலி, மதுரைச் சீமைகளின் வெயிலில் வளர்ந்த குடும்பங்களைக் கங்காணிமார் திரட்டி மலையேற்றினர்.

துரைமாரின் பங்களாக்களில் கணப்படுப்பும் புகைபோக்கியும் அமைந்தன. பார்வைக்கு அழகுதான், ஆனால் திறந்த கணப்படுப்பில் எரியும் விறகின் வெப்பத்தில் பெரும்பகுதி புகைபோக்கி வழியே வெளியேறிவிடும். தொழிலாளர் குடியிருந்த லயங்களோ, வரிசையாக ஒட்டிக் கட்டிய சிற்றறைகள். அங்கே சமையலடுப்பே கணப்பு. கவாத்து மிலாறே விறகு. தகரக் கூரை இரவில் விரைந்து குளிர்ந்துவிடும். சுவரின் இடுக்குகள் குளிரை உள்ளே விட்டன. புகை வெளியேற வழியும் அவையே.

இந்நிலையில் உயிர் காத்தது கம்பளி. பகலில் மழைக்கு மேற்போர்வை, இரவில் படுக்கை என ஒன்றே இரண்டுக்கும் உதவியது. எனினும் அது கொடையன்று. இலங்கையிலும் தென்னிந்திய மலைகளிலும் கங்காணியின் முன்பணக் கணக்கில் கம்பளியின் விலையும் ஏறியது. குளிர்காயக் கடன்பட்டவன் கடனைத் தீர்க்க உழைத்தான்.

1951இல் பாராளுமன்றம் தோட்டத் தொழிலாளர் சட்டத்தை இயற்றியது. குடியிருப்பு அளிப்பதை அது முதலாளியின் கடமையாக்கியது. மழையினின்றும் குளிரினின்றும் காக்கக் குடை, கம்பளி, மழையங்கி வழங்குமாறு விதி வகுக்க மாநில அரசுகளுக்கு அதிகாரமும் அளித்தது. சட்டங்களை மொழிபெயர்ப்பதே தொழிலாகக் கொண்ட நாம், அப்பிரிவில் 'கம்பளி' என்னும் சொல்லைக் கண்டு சற்றே நின்றோம். கடன் கணக்கில் இருந்த சொல் உரிமைப் பட்டியலுக்கு ஏறியிருந்தது!

இன்றைய அறிவியலும் கம்பளியின் பக்கமே பேசுகிறது. உறங்கும் மனிதனின் உடல் ஏறத்தாழ 70 வாட் வெப்பத்தை வெளியிடுகிறது. அதனைச் சிதறவிடாமல் காப்பதே சிக்கனமான கணப்பு. கூரைக்கு அடியில் மரப்பலகைத் தளம், கதவிடுக்கை அடைக்கும் துணி, தரையினின்று உயர்ந்த கட்டில், மேலே நல்ல போர்வை: இவை செய்வதில் பாதியைக்கூடத் திறந்த நெருப்பு செய்யாது.

டில்லியிலும் வடபுலத்திலும் வாழும் நேயர்களுக்கு ஒரு சொல். மார்கழிக் குளிருக்கு அஞ்சி, அடைத்த அறையில் கரியடுப்பை மூட்டி உறங்காதீர்கள். கார்பன் மோனாக்சைடு என்னும் வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை; உறங்குவோரை அது எழவிடாது. படுக்குமுன் அடுப்பை அணைத்து வெளியே வையுங்கள். பிறகு இடுக்கை அடைத்து ரஜாயைப் போர்த்திக்கொள்ளுங்கள். மலையேறிய நம் முன்னோர் கம்பளிக்குள் கண்ட வழியும் அதுவே.