முதஷாபிஹாத்

குர்ஆனில் ஏறத்தாழ ஒரே சொற்களால் அமைந்து, ஓரிரு சொல்லிலோ சொல்வரிசையிலோ மட்டும் வேறுபடும் வசனங்கள். (3:7-இல் இதே சொல் குறிக்கும், பொருள் எளிதில் பிடிபடாத வசனங்கள் வேறு.) குர்ஆன் முழுவதையும் மனப்பாடம் செய்த ஹாஃபிழ்களின் மனனத்தைச் சோதிப்பவர்கள் கேள்வியை இங்கேதான் வைக்க விரும்புவார்கள்: வசனத்தின் நடுவிலிருந்து சில சொற்களை ஓதி, தொடரச் சொல்வார்கள். கவனம் சற்றுத் தப்பினால் நாக்கு வேறு சூராவுக்குத் தாவிவிடும். இந்தச் சோதனை வெறும் நினைவுப் பயிற்சி, பொருளறிவுக்கு உதவாது என்று சிலர் குறை சொல்வார்கள். பொருள் தெரியாமலே இதில் தேறிவிடலாம் என்பதால் அக்குறையில் உண்மை உண்டு. ஆனால் 6:151, 17:31 இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். வறுமைக்காகப் பிள்ளைகளைக் கொல்வதை இரண்டும் தடுக்கின்றன. முன்னதில் வறுமை ஏற்கெனவே வந்துவிட்டது. அதனால் உணவளிக்கும் வாக்குறுதி பெற்றோரை முதலில் சொல்லிப் பிள்ளைகளைப் பின்னர் சொல்கிறது. பின்னதில் இருப்பது வறுமை வருமோ என்ற அச்சம். அங்கே பிள்ளைகள் முந்துகிறார்கள். மனனம் செய்பவரை இடறவைத்த அந்த வரிசை மாற்றத்திலேயே விளக்கமும் இருக்கிறது. இப்னு கஸீர் போன்ற விரிவுரையாளர்கள் அதை எடுத்துக்காட்டினர்.

எல்லா வேறுபாட்டுக்கும் இப்படிக் காரணம் காட்டுவது வலிந்து பொருள்கொள்வதாகாதா? ஆகலாம். 2:58, 7:161 ஆகியவற்றில் இரு கட்டளைகள் இடம் மாறியிருப்பதற்குத் தரப்படும் விளக்கங்கள் அவ்வளவு உறுதியானவை அல்ல. எனினும் வேறுபாட்டைக் கவனித்தவருக்கே அந்தக் கேள்வி எழும். கவனிக்க வைப்பது சோதனை.